திருவான்மியூர், 1993 கட்டடம்: சீலிங்கில் கம்பி தெரிகிறது, எங்கிருந்து தொடங்குவது?

#1 செயலாளர்_12வீடு

ஸ்டில்ட் (பில்லர்கள் மட்டும் நிற்கும் கார் நிறுத்தும் கீழ்த்தளம்) + 3 மாடி, 12 வீடு. 1993-ல் கட்டி முடித்தது. கடற்கரை ஒரு கிலோமீட்டருக்குள்.

இப்போதைய நிலை: மூன்றாம் மாடியில் இரண்டு வீட்டுச் சமையலறைச் சீலிங்கில் காரை பெயர்ந்து 8 மி.மீ. கம்பி வெளியே தெரிகிறது. இரண்டாம் மாடியில் குளியலறைச் சீலிங்கிலும் அதே கதை. ஸ்டில்டில் இரண்டு பில்லரின் அடிமூலையில் நெடுக்காக விரிசல். மேற்குப் பக்கம் சன்ஷேட் ஒன்று மூலை உடைந்து நிற்கிறது. மொட்டை மாடியில் பழைய தட்டோட்டின் மேலேயே சில வருடம் முன்பு செங்கல் ஜல்லி போட்டு இன்னொரு ஓடு பதித்தார்கள். ஒழுகல் நிற்கவில்லை.

ஒப்பந்தக்காரர் ஒருவர் "மாடிக்கு இன்னொரு அடுக்கு, உள்ளே பூச்சு, வெளியே பெயின்ட்" என்று மொத்தமாக ஒரு தொகை சொல்லியிருக்கிறார். பாதிப் பேர் இதற்குச் சம்மதம். மீதிப் பேர் இடித்துக் கட்டலாம் என்கிறார்கள். மழைக்கு முன் செய்யவேண்டியது எது, வரிசை என்ன?

#2 கம்பியும்_காரையும்

அந்த மதிப்பீட்டில் கையெழுத்துப் போடாதீர்கள் சார். அதில் ஆபத்தான வரியே முதல் வரிதான்.

கணக்கைப் பாருங்கள். செங்கல் ஜல்லிக் கலவை கன மீட்டருக்கு 1,800 கிலோ அளவில் இருக்கும். சராசரி 100 மி.மீ. கனத்தில் ஓர் அடுக்கு போட்டால் சதுர மீட்டருக்கு 180 கிலோ. ஆட்கள் ஏறிப் புழங்கும் மாடிக்கு வடிவமைப்பில் எடுத்துக்கொள்ளும் நகரும் பாரமே (ஆட்கள், சாமான்களின் எடை) சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோதான். ஏற்கெனவே ஓர் அடுக்கு கூடுதலாக ஏற்றிவிட்டீர்கள். அடியில் கம்பி மெலிந்துகொண்டிருக்கும் தளத்தின் தலையில் இன்னொன்றை வைக்கச் சொல்கிறார்.

காரை ஏன் பெயர்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். நல்ல கான்கிரீட்டில் காரத்தன்மை அதிகம், அது கம்பியின் மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே போகப்போகக் காரத்தன்மை குறையும். கடல் காற்றின் உப்போ காரத்தன்மை குறையாமலேயே அந்தப் படலத்தைத் துளைக்கும். இரண்டில் எது நடந்தாலும், ஈரமும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் கீழே உள்ள கான்கிரீட் தகடாகப் பிரிந்து விழுகிறது. விழுந்த இடத்தில் புதுப்பூச்சு பூசினால் துரு நிற்காது. கண்ணிலிருந்து மறையும், அவ்வளவுதான்.

1993 கட்டடம் என்றால் அன்று நடப்பில் இருந்தது ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் விதிநூலின் 1978 பதிப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தபட்சம் எம்15 (வலிமை வகை, எண் கூடினால் வலு கூடும்), தளத்தில் கம்பிக்குக் கீழே கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம், 15 மி.மீ. என்பது அடிப்படை அளவு. 2000 பதிப்பு கடலோரச் சூழலைக் கடுமையான வகையில் சேர்த்து எம்30, 45 மி.மீ. கவர் கேட்கிறது. அதனால் உங்கள் கட்டடத்தில் யாரோ ஏமாற்றியிருந்தால்தான் இப்படி ஆகும் என்பதில்லை. அன்றைய விதிப்படி ஒழுங்காகக் கட்டியதுகூட திருவான்மியூர் காற்றில் 30 வருடத்தில் இந்த நிலைக்கு வரும்.

இன்றே செய்யவேண்டியவை: உடைந்த சன்ஷேடுக்குக் கீழே ஆள் நடமாட்டத்தையும் வண்டி நிறுத்துவதையும் கயிறு கட்டித் தடுத்துவிடுங்கள். கம்பி தெரியும் அறைகளில் சீலிங் ஃபேனைக் கழற்றுங்கள். ஃபேன் கொக்கியும் அதே தளத்துக்குள்தான் பதிந்திருக்கிறது, அதுவும் அதே ஈரத்தில் துருப்பிடித்திருக்கும். தொங்கிக்கொண்டிருக்கும் காரையைக் கழியால் தட்டி இறக்குங்கள். குழந்தைகளையும் பெரியவர்களையும் அந்த அறையில் படுக்க வைக்காதீர்கள்.

#3 மாடிநீர்

மேலே சொன்னதோடு முழுக்க ஒத்துப்போறேன். என் பக்கம் தண்ணி. தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு தெரியாம மருந்து அடிக்க ஆரம்பிச்சா காசு கரையும்.

மூணாம் மாடி சீலிங்: மேலே மொட்டை மாடிதான், ஆனா சமையலறைக்கு நேர் மேலே ஓவர்ஹெட் டேங்க் இருக்கான்னு பாருங்க. டேங்க் நிரம்பி வழியற குழாய், வால்வு ஜாயின்ட், டேங்க் கால் மாடியில ஊணியிருக்கற இடம், இந்த மூணுலதான் பெரும்பாலும் ஆரம்பிக்கும். மழையே இல்லாத மாசத்துலயும் ஈரம் காயலைன்னா அது டேங்க்தான். மழை பெய்ஞ்சு ஒண்ணு ரெண்டு நாள்ல ஈரம் வந்தா மாடி.

ரெண்டாம் மாடி குளியலறை சீலிங்: மேல்வீட்டு பாத்ரூம் தளம் ஒரு அடி இறக்கிக் கட்டின பள்ளத்தளம். அந்தப் பள்ளத்தை இடிசலும் மண்ணும் போட்டு நிரப்பியிருப்பாங்க. ஒருதடவை தண்ணி உள்ளே போச்சுன்னா மாசக்கணக்கா அங்கேயே நிக்கும். சோதிக்கற வரிசை இது. முதல்ல மேல்வீட்டு பாத்ரூமுக்குப் போற லைன் வால்வை ரெண்டு நாள் மூடிவைங்க, வாளியில தண்ணி பிடிச்சுப் புழங்கட்டும். சொட்டு குறைஞ்சா பிரஷர் லைன்ல ஓட்டை, 1993 ஜி.ஐ. குழாய்ன்னா (துத்தநாகம் பூசின இரும்புக் குழாய்) துரு ஓட்டை சகஜம். குறையலைன்னா அடுத்தது தரை. டிராப் வாயை (தரையில தண்ணி வடியற ஓட்டை) அடைச்சு ஒரு அங்குலம் தண்ணி கட்டி 48 மணி நேரம் விடுங்க, தண்ணியில கலர் பொடி போட்டுக்கலாம். கீழே கலர் வந்தா தரையோ டிராப் ஓரமோ. அதுவும் இல்லைன்னா டாய்லெட் இணைப்பு. இதைத் தாண்டாம ஓடு உடைக்க வேணாம்.

மாடியில தண்ணி கட்டி சோதிக்கறதுல ஒரு எச்சரிக்கை. ரெண்டு அங்குலம் தண்ணின்னா சதுர மீட்டருக்கு 50 கிலோ. உங்க தளம் இருக்கற நிலையில ஒரு அங்குலத்துக்கு மேல வேணாம், முழு மாடியையும் ஒரே நேரத்துல கட்டவும் வேணாம். மண் வரப்பு போட்டுப் பகுதி பகுதியா பாருங்க.

#4 பழைய_மேற்பார்வை

இன்னொரு அடுக்கு கூடாது என்றால் இருக்கிற ரெண்டு அடுக்கையும் உடைத்து எடுக்கவேண்டும் என்றாகும். அது நடக்கிற காரியமா? கீழே குடும்பங்கள் இருக்கின்றன. உடைக்கிற அதிர்ச்சியிலேயே சீலிங் கொட்டும். இருக்கிற ஓட்டின் மேல் இடுக்குகளை அடைத்து, நல்ல அக்ரிலிக் கோட்டிங் மூன்று கை அடித்தால் ஐந்தாறு வருடம் ஓடும். எடையும் ஏறாது. இடித்துக் கட்டும் பேச்சு நடக்கிற கட்டடத்துக்கு அது போதும் என்பது என் கருத்து.

#5 மாடிநீர்

@பழைய_மேற்பார்வை சார், எடை விஷயத்துல நீங்க சொல்றது நியாயம். ஆனா ரெண்டு அடுக்குக்கு நடுவுல சிக்கியிருக்கற தண்ணி எங்கே போகும்? மேலே மூடிட்டா வெயில்ல ஆவியாகி கோட்டிங்கைக் கொப்புளமா தூக்கும், இல்லைன்னா கீழே கம்பிக்கு வரும்.

இதைப் பேசித் தீர்க்க வேணாம், பார்த்துடலாம். மாடியில மூணு இடத்துல, ஒண்ணு ஒழுகற இடத்துக்கு மேலே, ஒண்ணு தண்ணி வடியற வாய்க்குப் பக்கம், ஒண்ணு காய்ஞ்ச இடம், ஒரு அடிக்கு ஒரு அடி சதுரமா தளம் தெரியற வரைக்கும் கையால திறந்து பாருங்க. ஜல்லி ஈரமா இருந்தா எடுத்தே ஆகணும். காய்ஞ்சு கெட்டியா இருந்தா கோட்டிங் யோசிக்கலாம். அப்பவும் ஒண்ணரை அடி சதுர பாலிதீன் ஷீட்டை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி ஒரு ராத்திரி விட்டுப் பாருங்க. அடியில வேர்த்திருந்தா அன்னிக்கு கோட்டிங் கிடையாது.

எடுக்கறதா முடிவானா மெஷின் பிரேக்கர் மாடிப்பக்கமே வரக்கூடாது. சுத்தியும் உளியும்தான். கீழே எந்த அறைக்கு மேலே உடைக்கிறோமோ அந்த அறைக்கு முட்டு கொடுத்துட்டு, ஓரத்துலேர்ந்து கீற்று கீற்றா எடுக்கணும். இடிசலை மாடியிலேயே ஒரு இடத்துல குவிக்கறதுதான் இங்கே அடிக்கடி நடக்கற பெரிய தப்பு. ஒரு மீட்டர் உயரக் குவியல்னா சதுர மீட்டருக்கு ஒண்ணரை டன் ஏறும். அன்னன்னிக்கு மூட்டை கட்டி இறக்கிடணும்.

திரும்பப் போடும்போது ஒரே ஒரு அடுக்கு. சரிவு பத்து அடிக்கு ரெண்டு அங்குலம். கைப்பிடிச்சுவர் சேர்ற மூலையில முக்கோணமா கலவை வெச்சு, தண்ணிக்காப்புப் பூச்சைச் சுவர்ல ஒரு அடி உயரம் ஏத்தணும். வடியற குழாய் 4 அங்குலம், 400 சதுர அடிக்கு ஒண்ணு கணக்கு வெச்சுக்கங்க. சென்னை மழை ஒரே ராத்திரியில கொட்டற மழை, வாய் அடைஞ்சா மாடி குளமாகும். கைப்பிடிச்சுவர் இடுக்குல முளைச்ச அரசஞ்செடியை மேலோட தழையை மட்டும் வெட்டினா வேர் உள்ளே தடிக்கும். வேரோட நோண்டி எடுத்து அடைக்கணும்.

#6 கம்பியும்_காரையும்

சோதனைக்கு வருகிறேன். "ஸ்ட்ரக்சுரல் ஆடிட்" என்ற பெயரில் நாலு போட்டோவும் "கட்டடம் நன்றாக உள்ளது" என்ற கடிதமும் கொடுப்பவர்கள் உண்டு. அது வேண்டாம். நீங்கள் எழுத்தில் கேட்கவேண்டியது:

ரீபவுண்ட் சுத்தியல். அடித்தால் எவ்வளவு துள்ளுகிறது என்பதை வைத்து மேல்தோலின் கடினத்தைச் சொல்லும். பூச்சை எடுத்துவிட்டு கான்கிரீட்டின் மேல்தான் அடிக்கவேண்டும். கரியமில வாயு ஏறிய பழைய கான்கிரீட்டின் மேல்தோல் இறுகியிருக்கும், அதனால் இந்த எண் உண்மையைவிடக் கூடுதலாகவே காட்டும். தனியாக இதை நம்பக்கூடாது.

அல்ட்ராசோனிக் வேகம், அதாவது கான்கிரீட்டுக்குள் ஒலி அலை ஓடும் வேகம். வினாடிக்கு 3.5 கி.மீ.க்கு மேல் நல்லது, 3.0-க்குக் கீழ் சந்தேகத்துக்குரியது. பில்லருக்கு எதிரெதிர்ப் பக்கம் வைத்து எடுத்த அளவுதான் வேண்டும். ஒரே பக்கத்தில் இரண்டு முனையையும் வைத்து எடுத்த எண்ணை அதே அட்டவணையோடு ஒப்பிட முடியாது.

ஹாஃப் செல் பொட்டென்ஷியல், அதாவது கம்பியின் மின்னழுத்த அளவு. செம்பு சல்பேட் முனையில் மைனஸ் 350 மில்லிவோல்ட்டைவிட இன்னும் மைனஸ் பக்கம் போனால் அங்கே துரு நடப்பதற்கு 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. பெயர்ந்து விழாத இடத்தில் இது முக்கியம், ஏனென்றால் அடுத்து எங்கே விழும் என்பதை இதுதான் சொல்லும்.

ஃபீனால்ப்தலீன். புதிதாக உடைத்த முகத்தில் தெளித்தால் காரம் உள்ள பகுதி ரோஜா நிறம் ஆகும், நிறம் மாறாத ஆழம்தான் காரம் போன பகுதி. மலிவான சோதனை, பத்து இடத்தில் செய்யச் சொல்லுங்கள். இந்த ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தோடு வளரும். 30 வருடத்தில் 15 மி.மீ. போயிருந்தால், அடுத்த 15 மி.மீ.க்கு இன்னும் 90 வருடம். ஆகவே கரியமில வாயுவைப் பொறுத்தவரை கவர் உள்ள இடத்தில் பயம் இல்லை, கவர் குறைந்த இடத்தில் கேடு ஏற்கெனவே நடந்துவிட்டது.

உப்பின் அளவு. துளையிட்ட தூளை வெவ்வேறு ஆழத்தில் தனித்தனியாக எடுக்கவேண்டும். வெளியே அதிகம், உள்ளே குறைவு என்றால் கடல் காற்று. எல்லா ஆழத்திலும் ஒரே அளவில் அதிகம் என்றால் கட்டும்போதே உப்புத் தண்ணீரில் கலந்திருக்கிறார்கள். இரண்டாவதாக இருந்தால் பழுதுபார்ப்பின் ஆயுள் குறைவு, உங்கள் "இடிப்பதா வேண்டாமா" விவாதத்துக்கு இந்த ஒரு எண்ணின் பங்கு பெரிது.

கோர், அதாவது வலிமை பார்க்க வெட்டியெடுக்கும் கான்கிரீட் உருளை. குறைந்தது மூன்று. முதலில் கவர் மீட்டர் (உள்ளே கம்பி இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி) வைத்துக் கம்பி இல்லாத இடம் பார்த்துத்தான் வெட்டவேண்டும், அன்றே சுருங்காத கிரௌட் (நிரப்புக் கலவை) போட்டு அடைக்கவேண்டும். சன்ஷேட், பால்கனி போன்ற தொங்கு தளங்களில் கோர் எடுக்க விடாதீர்கள்.

தரமணி எஸ்.இ.ஆர்.சி. (கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம்), கிண்டி அண்ணா பல்கலைக்கழகம், ஐ.ஐ.டி. மெட்ராஸ் மூன்றும் நடக்கிற தூரத்தில் இல்லாவிட்டாலும் உங்கள் பக்கத்தில்தான் இருக்கின்றன. தனியார் பொறியாளர் அறிக்கை கொடுத்தாலும் ஒரு வல்லுநரிடம் மறுபார்வை வாங்குவது நல்லது. சோதிப்பவரே பழுதுபார்ப்பு ஒப்பந்தத்தையும் எடுக்கக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

#7 செயலாளர்_12வீடு

நன்றி. பில்லர் விரிசல் பற்றி யாரும் சொல்லவில்லையே. அது சீலிங்கைவிட மோசமா?

#8 கம்பியும்_காரையும்

மோசம். சீலிங் பெயர்ந்தால் ஓர் அறை, பில்லர் போனால் கட்டடத்தின் ஒரு மூலையே.

மூலைக் கம்பிக்கு இணையாக நெடுக்காக ஓடும் விரிசல் என்றால் துரு. நேரம் இருக்கிறது, ஆனால் தள்ளிப்போட நேரம் இல்லை. பில்லரில் குறுக்காகவோ சாய்வாகவோ விரிசல் வந்தால், கான்கிரீட் பிதுங்கி இரண்டு ரிங்குக்கு (கம்பிகளைச் சுற்றிக் கட்டிய வளையம்) நடுவே கம்பி வளைந்து தெரிந்தால், நேற்றுவரை மூடிய கதவு திடீரென இறுகினால், தரையில் புதுக் கான்கிரீட் பொடி விழுந்து கிடந்தால், பொறியாளருக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆட்களை வெளியேற்றுங்கள். 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் குடியிருப்பு வாரியத் தொகுப்பில் 24 வீடுகள் கொண்ட ஒரு கட்டடம் சரிந்தது. விரிசலைப் பார்த்து மக்கள் முன்பே வெளியே வந்திருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை.

பில்லர் அடியில் துரு வரக் காரணம் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும்: ஒழுகும் கழிவுநீர்ச் சேம்பர், பில்லரை ஒட்டிய கார் கழுவும் குழாய், செடித்தொட்டி. அதை முதலில் அகற்றுங்கள். சேம்பரைச் சுத்தம் செய்ய ஆளை உள்ளே இறக்காதீர்கள். மனிதர் கையால் கழிவகற்றுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி அதற்கு முதல் முறையே 2 வருடம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். குடிநீர் வாரியத்தின் இயந்திர வண்டியைக் கூப்பிடுங்கள்.

வேலையைத் தொடங்கும் முன் பில்லரில் சேரும் எல்லா பீமுக்கும் முட்டு. ஒரு பில்லர் முழுதாக முடிந்து வலு ஏறிய பிறகே அடுத்தது, அதுவும் பக்கத்துப் பில்லராக இருக்கக்கூடாது. சுற்றிக் கான்கிரீட் உறை போடவேண்டும் என்று முடிவானால் ஐ.எஸ். 15988 (பழைய கான்கிரீட் கட்டடங்களை வலுப்படுத்தும் விதிநூல்) குறைந்தபட்சம் 100 மி.மீ. கனம் கேட்கிறது, அதாவது பில்லர் ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் தடிக்கும், கார் நிறுத்த இடம் குறையும். இதை முன்கூட்டியே வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிடுங்கள். உறையின் கம்பி அடித்தளத்தில் நங்கூரமாகி மேலே பீம்வரை போகவேண்டும். தரைமட்டத்தில் தொடங்கி இடுப்பளவில் நின்றால் அது பாரம் தாங்காது.

#9 பேட்ச்_வேலை

தளப் பழுதுக்குச் செய்முறை சொல்கிறேன், பெரும்பாலும் சறுக்கும் இடங்களோடு.

தட்டிப் பார்த்து டொக்கு சத்தம் வரும் எல்லையைச் சாக்பீஸால் குறித்து, அதையும் தாண்டிக் கம்பியில் துரு முடிகிற இடம்வரை உடைக்கவேண்டும். ஓரத்தைக் கட்டிங் மெஷினால் 10 மி.மீ. ஆழம் நேர்க்கோடாக வெட்டுங்கள், மெலிந்து முடியும் ஓரம் ஒரு மழைக்குப் பெயரும். கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவு, 20 மி.மீ., குடையவேண்டும். பாதிக் கம்பி பழைய கான்கிரீட்டில், பாதி புதியதில் இருந்தால் அங்கேயே மறுபடி துரு தொடங்கும்.

துருவைச் சுரண்டிவிட்டு வெர்னியரால் அளவெடுங்கள். 8 மி.மீ. கம்பி 7 ஆகியிருந்தால் பார்வைக்கு ஒன்றுமில்லை, ஆனால் பரப்பளவில் 23 சதவீதம் போய்விட்டது. 20 சதவீதத்தைத் தாண்டினால் பக்கத்தில் புதுக் கம்பி, நல்ல பகுதியில் இரண்டு பக்கமும் 400 மி.மீ. ஒட்டவைத்துக் கட்டவேண்டும். துத்தநாக பிரைமர் வெள்ளையாகத் துலக்கிய கம்பியில் மட்டுமே வேலை செய்யும். கையால் பிரஷ் போட்ட கம்பி என்றால் சிமென்ட் கலந்த துருத்தடுப்புப் பூச்சே மேல்.

ஒட்டுப் பூச்சு: எஸ்.பி.ஆர். பாலும் (செயற்கை ரப்பர் பால்) சிமென்டும் கலந்து தேய்த்து, விரலில் பிசுபிசுக்கும்போதே கலவை ஏறவேண்டும். மேஸ்திரி அதை அடித்துவிட்டு சாப்பிடப் போனால், காய்ந்த படலம் ஒட்டுவதற்குப் பதில் பிரிக்கும் தாளாகிவிடும். காய்ந்தால் சுரண்டி மறுபடி அடிக்கவேண்டும். கலவை: 50 கிலோ சிமென்ட், 150 கிலோ கழுவிய மணல், 7.5 முதல் 10 லிட்டர் எஸ்.பி.ஆர்., தண்ணீர் மிகக் குறைவாக. ஒரு கைக்கு 10-12 மி.மீ., அதற்கு மேல் போட்டால் சொந்த எடையில் தொங்கும். 50 மி.மீ.க்கு மேல் ஆழமென்றால் பலகை அடித்து மைக்ரோ கான்கிரீட் (தானே பரவி நிரம்பும் கலவை) ஊற்றுங்கள். எஸ்.பி.ஆர். கலவைக்கு இரண்டு நாள் ஈரம் போதும், பிறகு காய விடவேண்டும்.

கலப்பதற்குக் கடலோர போர் தண்ணீர் கூடாது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மி.கி.தான் குளோரைடு வரம்பு.

#10 பழைய_மேற்பார்வை

இவ்வளவும் செய்து மூன்று வருடத்தில் பேட்சைச் சுற்றி வட்டமாக மறுபடி வெடிப்பதைத்தானே எல்லா இடத்திலும் பார்க்கிறோம்?

#11 பேட்ச்_வேலை

உண்மை, அதற்குக் காரணம் உண்டு. அதுவரை துருப்பிடித்த இடம் தன்னைத் தியாகம் செய்து பக்கத்துக் கம்பியைக் காத்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தைச் சரிசெய்ததும், உப்பேறிய பக்கத்துப் பகுதி அந்தப் பங்கை ஏற்கிறது. ஆகவே உப்புச் சோதனையில் அளவு கூடுதலாக வந்தால் பேட்ச் ஓரத்தில் கம்பியோடு துத்தநாகத் துண்டுகளைக் கட்டிப் புதைக்கவேண்டும், எத்தனை இடைவெளி என்பதைக் கம்பி அடர்த்தி பார்த்துத் தயாரிப்பாளரின் அட்டவணைப்படி. உப்பு இல்லாமல் கரியமில வாயு மட்டும் காரணமென்றால் இது தேவையில்லை, பேட்சும் மேலே காப்புப் பெயின்டும் போதும். சோதனை இல்லாமல் பழுது பார்த்தால் இதில் எது என்று தெரியாமலே செலவாகும்.

சன்ஷேடுக்கு இந்தச் செய்முறையை அப்படியே எடுக்காதீர்கள். தொங்கு தளத்தில் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்கிறது. ஏ.சி. தண்ணீர் நின்று மேலே ஊறும்போது போவது அந்தக் கம்பிதான், கீழே பார்த்தால் தெரியாது. மேலே ஓடு பதிக்கக் கொத்தும்போதும் அதையேதான் வெட்டுகிறார்கள். சுவரோடு சேரும் கோட்டில் மேல்பக்கம் விரிசல் இருந்தால் பேட்ச் வேண்டாம், வெட்டி இறக்கிவிட்டு இலேசான தகட்டுக் கூரை போடுங்கள்.

#12 மின்பலகை

ஈரச் சீலிங் உள்ள வீடுகளில் சுவிட்சை நம்பாதீர்கள். தளத்துக்குள் பதித்த பைப்பில் தண்ணீர் நிற்கும். 500 வோல்ட் மெக்கரில் (ஒயர் உறையின் காப்பை அளக்கும் கருவி) ஒவ்வொரு சர்க்யூட்டும் 1 மெகா ஓமுக்கு மேல் காட்டவேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச்), பொது மோட்டாருக்கும் தனியாக. ஸ்டில்ட் மீட்டர் பலகை வெள்ளம் ஏறிய உயரத்துக்கு மேல் இருக்கட்டும். லிஃப்ட் இருந்தால் அதன் அடிப்பள்ளத்தில் தண்ணீர் ஊறுகிறதா என்று பாருங்கள், மின் ஆய்வுத் துறை உரிமம் நடப்பில் இருக்கவேண்டும்.

#13 பத்திரப்படி

இடித்துக் கட்டுவது பற்றி. தமிழ்நாடு அடுக்ககக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022, 2024-ல் நடைமுறைக்கு வந்தது. மறுகட்டுமானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதம் போதும் என்பது அதன் பெரிய மாற்றம். 12 வீட்டில் 8. ஆனால் சம்மதம் வாங்கும் முன் 12 பத்திரத்திலும் உள்ள பிரிபடாத நிலப் பங்கை (மொத்த நிலத்தில் அந்த வீட்டுக்குரிய பங்கு) கூட்டிப் பாருங்கள். மொத்தம் நில அளவோடு பொருந்தாத கட்டடங்கள் சென்னையில் நிறைய, அங்கேதான் பேச்சு வருடக்கணக்கில் நிற்கும். கட்டியவரைக் கேட்கலாமா என்றால், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்தின் 14(3) பிரிவு ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குத்தான்.

இடிப்பதாகவே முடிவெடுத்தாலும், ஒப்பந்தம், அனுமதி, காலி செய்வது எல்லாம் முடியும்வரை மக்கள் அங்கேதான் வசிப்பார்கள். முட்டும் பில்லர் வேலையும் அதுவரை காத்திருக்க முடியாது.

#14 கம்பியும்_காரையும்

ஒப்பந்தத்துக்கு: மொத்தத் தொகை வேண்டாம். உடைத்துப் பார்க்காமல் யாருக்கும் பரப்பு தெரியாது. முட்டு நாள் கணக்கில், பேட்ச் சதுர மீட்டரில் 25 மி.மீ. வரை ஒரு விலை, 50 வரை ஒரு விலை, கூடுதல் கம்பி கிலோவில், மைக்ரோ கான்கிரீட் மூட்டையில். உடைத்து முடித்ததும், மூடும் முன், உங்கள் பொறியாளரும் ஒப்பந்தக்காரரும் சேர்ந்து அளந்து படம் எடுத்துக் கையெழுத்திடவேண்டும். தொகையில் ஒரு பகுதியை அடுத்த வடகிழக்குப் பருவமழை முடியும்வரை பிடித்து வையுங்கள்.

முட்டு பற்றி ஒன்று விட்டுப்போனது. மூன்றாம் மாடிச் சீலிங்குக்கு முட்டு கொடுத்தால் அதே நேர்க்கோட்டில் இரண்டு, ஒன்று என்று ஸ்டில்ட் தரைவரை இறக்கவேண்டும். நடுவில் நிறுத்தினால் அந்தப் பாரம் கீழ்வீட்டுத் தளத்தின் நடுவில் போய் உட்காரும். கீழ்வீட்டுக்காரர்களிடம் இதற்கு இன்றே சம்மதம் வாங்கிவிடுங்கள், வேலை தொடங்கும் நாளில் கேட்டால் யாரும் கதவு திறக்கமாட்டார்கள்.